உச்சி மூடாத தொப்பி

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. வீட்டுக்கு வந்துவிட்ட தாயோ சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். அவள் பாதியில் விட்ட கம்பளித் தொப்பியை நேற்று வெல்டரான அவள் கணவன் எடுத்துப் பின்னியபோது, "பொழைக்காத பிள்ளைக்குத் தொப்பி எதுக்குங்க?" என்றாள். "உன் வாயில நல்லதே வராதா?" என்று கத்திவிட்டான்.

விடிந்ததும் அவள் முகம் பார்த்துப் பேசத் தைரியம் வரவில்லை. சீட்டில் எழுதினான்:

"சோறு மூடி வெச்சிருக்கேன். ரெண்டு வாயாவது சாப்பிடு. சாவி ஜன்னல்ல இருக்கு. மத்தியானம் உன் அக்கா வருவாங்க, எழுந்து கதவைத் திற. நேத்து கத்தினதை மனசுல வெச்சுக்காதே. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான் வேலைக்குப் போவேன். டாக்டர் பிடி கொடுத்தே பேசமாட்டேங்கிறார். தொப்பியைச் சுத்திப் பின்னிட்டேன், உச்சியைச் சுருக்கி முடிச்சுப் போடத் தெரியல. நீ போட்டுத் தர்றியா?

பி.கு. முடியலைன்னா அப்படியே வை. பிரிச்சிடாத."

சீட்டையும் தொப்பியையும் தலையணை ஓரம் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினான். பின்னால் குரல் கேட்டது.

"அதோட தலை இப்ப எவ்ளோ இருக்கும்?"

அவன் முஷ்டியை மடக்கிக் காட்டினான். அவள் தொப்பிக்குள் கையை விட்டு விரித்துப் பார்த்தாள்.

"இது ரொம்பப் பெரிசுங்க" என்று சொல்லி, மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று அவனுக்குத் தெரிந்தது. சீட்டை எடுத்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினான்:

"பெரிசாவே இருக்கட்டும். வளர வேண்டாமா?"