பதினோராவது முளைக்குச்சி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் இடது முழங்காலை மட்டும் அதில் சேர்க்காதே. நீ சௌக்கியம் என்று போனில் சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன், மீதியை நீ வந்து நிற்கும்போது முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். ஏரிப் பக்கம் கரண்ட் டவர் வராது. உத்தரவு வந்துவிட்டது. ஏரியை ஒட்டி வருகிற ஆறு கிலோமீட்டருக்கும் கேபிளைச் சாலையோரமாகத் தரைக்கடியில் பதிக்க வேண்டும், குன்றைத் தாண்டிய பிறகுதான் டவர் எழுப்பலாம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். இதை அப்பா உனக்குச் சொல்லியிருப்பார், ஆனால் எப்படி வந்தது என்பதைச் சொல்லியிருக்க மாட்டார், அதை நானே சொல்கிறேன் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். போனில் சொல்லலாம் என்று மூன்று முறை கூப்பிட்டேன், மூன்று முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாலு மாதத்துக்கு முன்னால் நம் குடும்ப குரூப்பில் நீ ஒரு படம் போட்டாயே, நினைவிருக்கிறதா? லைன் கம்பெனி கொடுத்த அறிக்கையில் ஒரு பக்கம். வெறும் தரை, நடுவில் சிவப்புப் பெயின்ட் அடித்த முளைக்குச்சி, பின்னால் வெளுத்த வானம். அடியில், இப்பகுதியில் குறிப்பிடத்தக்க இயற்கைக் காட்சி எதுவும் இல்லை என்று ஒரு வரி. அதற்குக் கீழே நீ எழுதியிருந்தாய், எந்த முட்டாள் எடுத்த படம் இது, இவ்வளவு பெரிய ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறானே என்று. அப்பா அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, நல்லாக் கேட்டான் உன் பிள்ளை என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் படத்தை எடுத்தது நான்தான்.

கோபப்படாமல் படி. கோபம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படி. அந்த அறிக்கைக்கு ஐந்தாறு மாதம் முன்னால் ஒரு சர்வேக்காரர் என் போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்தார். மரியாதையான மனிதர், காலில் இருந்த சேற்றைக் கால்மிதியில் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். இருபத்துநாலு இடத்துல குச்சி நட்டிருக்கோம், ஒவ்வொண்ணும் தெளிவாத் தெரியணும்மா, அவ்வளவுதான் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவரிடமெல்லாம் எந்த நாட்டுக்கு, யாரோடு, எப்போது திரும்புவீர்கள் என்று குடைகிறவள் இவரிடம் வாயைத் திறக்கவில்லை பார். சாலைக்கு அளக்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஏரியை மறைத்து எடு என்று அவர் சொல்லவே இல்லை, அந்தப் பழியை அவர் தலையில் போடமாட்டேன். அது முப்பத்தோரு வருடம் பாஸ்போர்ட் படமும் அடையாள அட்டைப் படமும் எடுத்துப் பழகிய என் கை செய்த வேலை. பின்னணி வெறுமையாக இருக்க வேண்டும், கண்ணை இழுக்கிற எதுவும் பின்னால் இருக்கக் கூடாது. ஏரித் தண்ணீர் மதியத்தில் கண்ணாடி மாதிரி அடிக்கும், அதனால் அதற்கு முதுகைக் காட்டி நின்றேன். மரம் வந்தால் ஓரடி தள்ளிக்கொண்டேன், குன்று வந்தால் குனிந்து வானத்தை வைத்தேன். மண்டி போட்டு, வேர்த்து வழிந்து, இருபத்துநாலையும் சுத்தமாக எடுத்தேன். வீட்டுக்கு வந்து இன்னிக்கு வேலை அம்சமா வந்துச்சு என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டது வேறு. என்ன வேலை என்று அவரும் கேட்கவில்லை.

அறிக்கை வந்த பிறகு நான் ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியும். எதிர்ப்புக் குழுவின் போஸ்டர் எல்லாம் என் ஸ்டூடியோவில்தான் தயாராயிற்று. குழுத் தலைவர் நம் மருந்துக்கடைக்காரர், இருமல் மருந்து வாங்கப் போனாலும் மனுவில் கையெழுத்து வாங்காமல் பாட்டிலைக் கையில் தரமாட்டார். டவர் எவ்வளவு உயரம் என்று காட்ட அவர் ஒரு பெரிய பலூனைக் கயிற்றில் கட்டி அறுபது மீட்டருக்கு விட்டபோது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். பலூன் குன்றின் தலைக்கு மேலே போய் நின்றது. அந்தப் படத்தை எடுத்தவனைக் கண்டுபிடிக்கணும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் சொல்வார், நான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டுவேன். ஊரில் இருப்பதே இரண்டு ஸ்டூடியோ. நான் இல்லை என்றால் மிச்சம் யார்? பஸ் நிலையத்துக்கு எதிரே கலர் லேப் வைத்திருக்கிற தம்பி. நேரில் யாரும் கேட்கவில்லை, ஆனால் அவன் கடைக்கு ஆள் போவது குறைந்தது. பள்ளிக்கூட குரூப் போட்டோ எப்போதும் அவனுக்குத்தான், இந்த வருடம் என்னைக் கூப்பிட்டார்கள். நானும் போய் எடுத்துவிட்டு வந்தேன். மற்றதை எல்லாம் எழுதிவிட்டேன், இதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. அந்த லேப்காரன்தான், வேற யாரு என்று நீயும் குரூப்பில் எழுதினாய். எழுதவைத்தது என் மௌனம்தான், ஆனாலும் எழுதினாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஊருக்குப் பயந்து இல்லை. சின்ன வயதில் எங்க அம்மா எடுத்தது என்று என் படங்களைப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டித் திரிந்த பிள்ளை நீ. அந்தப் பிள்ளையிடம், நீ திட்டுகிற முட்டாள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் நகராட்சிக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. விசாரணை அதிகாரி என் வயதுப் பெண்மணி, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கம்பெனிக்காரர் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் போட்டார். நீ குரூப்பில் போட்ட அந்தப் பதினோராவது குச்சி வந்ததும் மருந்துக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை, எழுந்து பின்னால் திரும்பி, ஏம்ப்பா, இப்பவாவது ஒத்துக்கோ என்று லேப் தம்பியைப் பார்த்துக் கத்திவிட்டார். கூடமே திரும்பியது. அவன் எழுந்து, நான் இல்லண்ணே, சத்தியமா நான் இல்ல என்றான். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. அவனை விடுங்க, அது என் படம் என்று எழுந்துவிட்டேன். உளறுகிறேன் என்று நினைத்து அப்பா கையைப் பிடித்து இழுத்தார். அதிகாரியைப் பார்த்தே சொன்னேன், இருபத்துநாலும் நான் எடுத்ததுதாங்க, எல்லாத்துலயும் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கிட்டுதான் நின்னேன், யாரும் நிக்கச் சொல்லல. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். அதே இடத்துல நின்னு திரும்பினா என்ன தெரியும் என்று கேட்டார். வாயால சொல்ல முடியாதுங்க, வாங்க காட்டுறேன் என்றேன்.

மறுநாள் காலையில் வந்தார், கம்பெனிக்காரர்களும் வந்தார்கள். பதினோராவது குச்சிக்கு முன்னால் நான் மண்டி போட்ட அதே இடத்தில் அவரை நிறுத்தி, அறிக்கைப் படத்தைக் கையில் கொடுத்தேன். சரியாத்தானே இருக்கு என்றார். பிறகு ஸ்டூடியோ ஸ்டூலில் உட்காருகிறவர்களைத் திருப்புவது போல இரண்டு தோளையும் பிடித்து, கொஞ்சம் இப்படி என்று முழுசாகத் திருப்பினேன். அதிகாரியைத் தொடலாமா என்றெல்லாம் தோன்றவில்லை, கைப்பழக்கம். ஏரி கரை தளும்பக் கிடந்தது, எதிர்க்கரையில் இருக்கிற இரண்டு குன்றும் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. அவர் கையில் இருந்த படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி ஏரியைப் பார்த்தார். அடுத்த குச்சிக்குப் போகலாமா என்றுதான் கேட்டார். மதியம் வரை நடந்து இருபத்துநாலு இடத்திலும் நிறுத்தித் திருப்பினேன், திருப்பிய பக்கத்தை எல்லாம் படமும் எடுத்தேன். என் கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தது யார் தெரியுமா, லேப் தம்பிதான். நான் கூப்பிடவில்லை, அவனாகவே வந்து எடுத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்துக்கு நானே போய்ச் சொல்லிவிட்டேன், அடுத்த வருடம் குரூப் போட்டோ அவனுக்குத்தான்.

உத்தரவைப் படித்த அன்றைக்குத்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கரண்ட் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை, கரண்ட் இல்லாவிட்டால் என் ஸ்டூடியோவே ஒரு இருட்டு அறைதான். வரட்டும், மண்ணுக்கடியில் வரட்டும். குன்றுக்குப் பின்னால் வரப்போகிற முதல் டவரின் தலை மட்டும் நம் மாடியிலிருந்து தெரியும் என்கிறார்கள், அதைப் பொறுத்துக்கொள்வோம். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், எங்கிட்டகூடச் சொல்லாம தனியா எப்படித்தான் சுமந்தே என்று கேட்டார், நான் அழுதுவிட்டேன். போன வாரம் குச்சிகளைப் பிடுங்க ஆள் வந்தபோது பதினோராவதை அவர் கேட்டு வாங்கிவந்தார். இப்போது அதுதான் ஸ்டூடியோ கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது. நேற்று உள்ளே வரும்போது காலில் இடித்துக்கொண்டேன், நன்றாக வேண்டும் எனக்கு.

நீ உட்கார்ந்தே வேலை செய்கிறாய், மணிக்கு ஒருமுறை எழுந்து நட. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. அடுத்த வருடம் உன் பாஸ்போர்ட் முடிகிறது, ஊருக்கு வந்து என்னிடம் படம் எடுத்துக்கொள். அதற்கு வெறும் பின்னணி வைத்து எடுத்துவிட்டு, கையோடு ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போவேன். இத்துடன் இரண்டு படம் வைத்திருக்கிறேன். ஒன்று நீ பார்த்தது, இன்னொன்று அதே இடத்தில் நின்று திரும்பி எடுத்தது. இரண்டையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டு. மறந்துவிடாதே, லேப் தம்பிக்கு உன் கைப்பட நாலு வரி மன்னிப்பு எழுதிப் போடு, நான் நேரில் கேட்டுவிட்டேன்.

உடம்பும் மனசும் நன்றாக இருந்து, எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும்.

இப்படிக்கு,
நீ தேடிய அந்த முட்டாள்,
உன் அம்மா