மேற்கோள் குறி இல்லாத நிபந்தனை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதீர்கள். எங்கள் நாற்றுப் பண்ணையில் மண் ஈரத்தை அளந்து தண்ணீர் விட ஒரு கருவி இருக்கிறது. அதிலிருந்து அளவு வந்திருந்தால் மட்டும் தோட்டக்கார அண்ணனின் போனுக்கு 'கருவி சரி' என்று செய்தி போக, கணினிக்குக் கட்டளைகள் எழுதி வைக்கும் ஷெல் ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை எழுதினேன். அதில் அளவு வரும் இடத்தைச் சுற்றி மேற்கோள் குறி போட மறந்துவிட்டேன். அது இல்லையென்றால், ஒன்றுமே வராதபோதும் வந்ததாகவே கணினி எடுத்துக்கொள்ளும். கருவியின் ஒயர் அறுந்த பிறகும் 'சரி' என்றே செய்தி போயிருக்கிறது. நாற்றெல்லாம் கருகிவிட்டது.

"தூங்கிட்டியா?" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் அண்ணனைத் திட்டினார்.

"சரின்னுதான் சார் மெசேஜ் வந்துச்சு."

காரணம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் வாய் வரவில்லை. மத்தியானம்தான் மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னேன். பிறகு அண்ணனிடமும் சொன்னேன்.

"காலையிலயே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். அவ்வளவுதான்.

ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டேன். ஆனால் அவர் இப்போது செய்தியைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு நாற்றுத் தட்டாக மண்ணைத் தொட்டுப் பார்க்கிறார். மறுபடி விதைக்க நானும் கூடப் போகிறேன்.

அடுத்த முறை பேசும்போது போனை அம்மா பக்கத்தில் வையுங்கள். நான் இங்கே வேலைக்கு வந்த கோபத்தில் அவள் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணன் கூப்பிடுகிறார். போகிறேன்.

உங்கள் மகள்