கடைசிச் சீட்டும் இடது முழங்காலும்

அன்புள்ள தீபு மக்காவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுமியும் ஒருவகையாக இருக்கிறோம். மகேஸ்வரத்துச் சிவன் புண்ணியத்தில் என் இடது முழங்காலுக்குத் தையல் பிரித்தாயிற்று. அங்கே நீ சுகமாக இருப்பாய், சுகத்துக்கு உனக்கு என்ன குறைச்சல். ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நான் இரண்டு வார்த்தை காரமாகச் சொன்னால் உனக்கு உடனே ரேஞ்ச் போய்விடும். காகிதத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை. பக்கத்து வீட்டு அகிலேஷ் ஞாயிற்றுக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான், ஏத்தங்காய் சிப்ஸோடு இதையும் அவன் கையில் கொடுத்து விடுகிறேன். முதலில் இதைப் படி, பிறகு சிப்ஸைத் தின்னு.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது நான் என்ன கேட்டேன்? ஆறு வாரம் என்னைப் பிடித்து நடத்தவும் குளிப்பாட்டவும் ஆள் வேண்டும், இடுப்புவலியோடு அப்பாவால் முடியாது, பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரில் ஒருவர் வந்தால் போதும் என்றேன். நீ லீவு கிடைக்கவில்லை என்றாய். மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு சுமி நான் வாறேன் என்றாள். நானும் நம்பி, உன் கம்பெனிக்காரனை நாலு நாள் வாய் ஓயாமல் திட்டினேன், பாவம் அவன். பிறகு ஒரு மத்தியானம் அப்பா ஃபோனை நீட்டி, இதென்ன விலாசினி, இவன் சீட்டுப் படம் அனுப்பியிருக்கான் என்கிறார். உன் சிநேகிதக் கூட்டுக்காரர்களுக்கு அனுப்ப வேண்டியதை நீ நம் வீட்டு குரூப்பில் போட்டுவிட்டாய். இரண்டு நிமிடத்தில் அழித்தும் விட்டாய், ஆனால் அதற்குள் நான் கண்ணாடி மாட்டிப் படித்தாயிற்று. உன் கையில் எதற்கும் உதவாத ஒரு ஏழும் ஒரு மூன்றும், அடியில் உன் எழுத்து: கடைசிச் சீட்டுல ஒரே ரெய்ஸ், சுமி பயந்து சீட்டக் கவுத்திட்டா, அம்மைக்க கூட நிக்கப் போறது அவளாக்கும், குணுக்கும் அவளுக்குத்தான்.

அப்படியென்றால் தோற்றவர் அம்மாவிடம் போவது என்று ஃபோனில் போக்கர் ஆடித் தீர்மானித்திருக்கிறீர்கள். காசு இல்லை அம்மா, சும்மா பாயிண்டுதான் என்கிறாள் சுமி. காசு வைத்து ஆடியிருந்தால்கூட எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. உன்னைப் பெற்றவளை அல்லவா மேசையில் வைத்தாய். அதுவும் லீவு இல்லை என்று பொய் வேறு.

போன ஓணத்துக்கு வந்தபோது எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லித் தந்தவன் நீதான். கையில் இரண்டு, மேசையில் பொதுவாக ஐந்து, ஐந்தாவதும் விழுந்த பிறகு ஏற்றிக் கேட்க இரண்டே காரணம்தான் உண்டு என்றாய். நம் கை பலமாக இருந்து, அதைவிட மோசமான கையோடு எதிராளி வருவான் என்றால் ஏற்றலாம். நம் கை வெறும் குப்பையாக இருந்து, நல்ல கையை எதிராளி பயந்து கவிழ்த்துவிட்டு விலகுவான் என்றால் ஏற்றலாம். நடுத்தரமான கை என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நல்ல நியாயம்தான், நானும் தலையாட்டினேன். ஆனால் சுமி பயந்துவிடுவாள் என்ற கணக்கு உனக்கு எங்கிருந்து வந்தது? பஸ்ஸில் ஜன்னலோரத்தையும் சட்டியில் மீன் தலையையும் உனக்கு விட்டுக்கொடுத்தே வளர்ந்தவள், இதையும் விடுவாள் என்றுதானே ஏற்றினாய். அதற்குப் பெயர் ஆட்டமா? நம் வீட்டில் இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆடும்போது எத்தனை வருஷம் நீயும் அவளும் ஒரு கட்சி, நானும் அப்பாவும் ஒரு கட்சி. எதிரே உட்காருகிறவன் கூட்டாளி, அவன் ஜெயிக்கிற சீட்டைத் துருப்பு போட்டு வெட்டக் கூடாது என்று உனக்கு ஏழு வயதிலேயே தெரியும்.

இனிச் சொல்லப் போவதை உனக்குச் சொல்லக் கூடாது என்று சுமி என் கையைப் பிடித்துச் சத்தியம் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. அவள் வந்து இறங்கிய அன்று முற்றத்துப் பிலாவிலையைப் பறித்துச் சுருட்டி, தோற்றவர் போடுகிற குணுக்காகக் காதில் மாட்டிக்கொண்டு சிரித்தபடி உள்ளே வந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் கையில் அப்படி என்னதான் இருந்தது, காட்டு என்றேன். ரொம்ப நேரம் மழுப்பிவிட்டு, ஃபோனில் எடுத்துக் காட்டினாள். மேசையில் மூன்று ஆட்டின், அந்தச் சிவப்பு இதயச் சீட்டு, அவள் கையில் ஆட்டின் ஆசும் ஒன்பதும். ஆக ஒரே இனமாக ஐந்து ஆட்டின், அதில் பெரிய சீட்டான ஆசு அவளிடம். அன்றைக்கு அந்த மேசையில் அதை வெட்ட ஒரு கையும் கிடையாது, நீ என்ன வைத்திருந்தாலும் அவளுக்குத்தான் ஜெயம். பின்னே ஏன் கவிழ்த்தாய் என்று கேட்டேன். அவள் சொன்னது இது: அவன் அவ்வளவு ஏத்திக் கேட்டப்பமே தெரிஞ்சு போச்சும்மா, அவனுக்கு வர மனசு இல்ல. மனசில்லாம வந்து உங்களத் தூக்கி விடண்டாம்னு ஆக்கும் நான் கவுத்தினேன். வார்டு இன்சார்ஜ் பரீட்சை அவளுக்கு இந்த மாதம். அதையும் சேர்த்துத்தான் கவிழ்த்திருக்கிறாள். இப்போதும் அடுப்படியில் எனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறாள், நான் உனக்கு ஊர்விசேஷம் எழுதுகிறேன் என்று நினைத்து.

விசேஷமும் உண்டு. நெய்யாறு அணையில் ஷட்டரைத் திறந்துவிட்டார்கள், அம்பூரியில் மழை விடாததால் மாமாவுக்கு ரப்பர் வெட்டு இல்லை. அப்பா அந்தப் படத்தைப் பார்த்த அன்றிலிருந்து உன் பெயரை எடுப்பதில்லை, ஆனால் தோஹாவில் சூடு எவ்வளவு என்று மட்டும் தினமும் பார்க்கிறார். நீ வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. எத்தனை கோபம் இருந்தாலும் உனக்கு நோய்நொடி வராமல் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கு வைக்கும்போது கேட்கிறேன், பகவான் உன்னைக் காக்கட்டும்.

சுமி கழற்றிப் போட்ட குணுக்கை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், காய்ந்திருக்கும், உடைத்துவிடாதே, அது உன் காதுக்கு. மறக்க வேண்டாம், எனக்கு இன்னொரு முழங்காலும் உண்டு. வலது காலுக்கு மகர மாதம், தை பிறந்ததும், தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்கு யாரும் சீட்டுப் போட வேண்டாம்.

உன் அம்மா,
விலாசினி