கிராணி கட்டிய அபராதம்

ஜாசின், மலாயா, 1936 ஐப்பசி

சிரஞ்சீவி மகன் காளிதாஸுக்கு அம்மா எழுதுவது. மாரியாத்தாள் புண்ணியத்தில் இங்கே நானும் உன் தங்கையும் அவள் பிள்ளைகளும் சுகமாய் நடமாடுகிறோம், சிங்கப்பூரில் நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். மழை விட்டபாடில்லை, பாதி நாள் ரப்பர் மரத்தில் பால்வெட்டு கிடையாது. உன் கருப்பாயி அத்தை போன செய்தி முன்பே எழுதினேன். அவள் கண்ணை மூடியபோது ஜாசின் வாசகசாலையின் புராணப் புத்தகம் நம் வீட்டில் இருந்தது, தீட்டு வீட்டில் சாமி புத்தகத்தை யார் தொடுவது, கருமாதி முடிந்து தலைமுழுகிய பிறகுதான் கொண்டுபோனேன். தவணை தாண்டிவிட்டது. வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் தையற்காரர் கணேசமூர்த்தி அபராதம் கேட்டார். சாவு வீட்டில் தண்டம் வாங்குகிறவன் விளங்குவானா என்று கேட்டுவிட்டேன். அவர் மிஷினை நிறுத்தாமலே, "கோவிச்சுக்காதீங்கம்மா, போன மாசம் உங்க தோட்டத்துக் கிராணி ஐயாவே கட்டிட்டுத்தான் அடுத்த புத்தகம் எடுத்தாரு" என்றார். என் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது, முந்தானை முடிச்சை அவிழ்த்து அபராதத்தைக் கட்டிவிட்டேன். உன் அப்பா காய்ச்சலில் மரத்தடியில் விழுந்த அன்று அரை நாள் கூலியை வெட்டிய அதே கணக்கெழுதும் விஜயரட்ணம் கிராணிதான், நான் சாம்பலாகிற வரை மறக்கமாட்டேன்.

கட்டியது அவருக்குப் பொறுக்கவில்லை. படித்தவர்களுக்கு அபராதம் கூடாது, தையற்காரரை நீக்க வேண்டும் என்று வாசகசாலை நடத்தும் சங்கத்தில் ஆள் சேர்த்தார். கணேசமூர்த்தி சம்பளம் வாங்காத மனுஷர், பிரிந்த புத்தகத்தைக் கால்சட்டை நூலால் தைத்து வைக்கிறவர், லயத்தில் குடியிருக்கும் கூலிப் பெண்களுக்கும் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுக்கிறவர். அவர் போனால் எங்களை யார் வாசல்படி ஏறவிடுவார்கள்? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நானும் பக்கத்து வீட்டுக் காளியம்மாவும் நடந்தே போய் வாசலில் நின்றோம். கிராணி எழுந்து, "கூலியாளுக்கும் எனக்கும் ஒரே சட்டமோ?" என்று கேட்டார். தையற்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய், "எங்க வீட்ல பொணம் கெடந்துச்சு, நான் கட்டிட்டேன். ஐயா வீட்ல எல்லாரும் சொகந்தானே, அவரு கட்டுனா என்ன?" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு கூட்டமே சிரித்தது. சட்டமும் இருக்கட்டும், கணேசமூர்த்தியும் இருக்கட்டும் என்று தலைவர் முடித்துவிட்டார். கிராணி வேலைப் பதிவில் என் பேரை வெட்டிவிடுவாரோ என்று உன் தங்கை பயப்படுகிறாள், ஊரே பார்த்த விஷயம், வெட்டமாட்டார்.

தவணைக்குப் பயந்து ஏன் படிக்கிறாய், சிங்கப்பூரில் பழைய புத்தகம் மலிவாய்க் கிடைக்கிறது, வாங்கி அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் மனசுக்கு நீ நன்றாயிருப்பாய். ஆனால் தம்பி, திருவிழாக் கடையில் மலிவென்று வாங்கியதைப் பாதியோடு பெட்டியில் போட்டுவிட்டேன், திருப்பிக் கேட்க ஆள் இருந்தால்தான் எனக்குப் படிப்பு ஓடுகிறது. வாங்கு, எனக்கு வேண்டாம், கணேசமூர்த்தி பேருக்கு அனுப்பு. கிராணியும் எடுத்துப் படிக்கட்டும், தவணைக்குள் திருப்பிக் கொடுக்கட்டும்.

குழந்தையை மழையில் விடாதே, தை மாதம் காது குத்த இங்கே வந்துவிடுங்கள். மூவரும் நூறு வயது நிறைந்திருக்க வேண்டுகிற,
உன் அம்மா
இருசம்மாள்