மஞ்சள் தடவிய பயோடேட்டா

14.2.2015, சனி

டவுன்ஷிப்பில் நடந்த வேலைவாய்ப்பு முகாமுக்குப் பேத்தி செல்வி போனாள். எங்கள் வீட்டின் முதல் என்ஜினியர். அவள் அப்பன் சுரங்கத்தில் இன்னும் கான்ட்ராக்ட்தான். நல்லது நடக்கட்டும் என்று பத்து பயோடேட்டாவுக்கும் விடியற்காலையில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்தேன்.

சாயங்காலம் வந்ததும் பையை வீசினாள்.

"ஏன் ஆயா, இது என்னா கல்யாணப் பத்திரிகையா? பக்கத்துல நின்னுகினு இருந்தவங்கல்லாம் சிரிக்கிறாங்க."

"அப்ப குடுக்கலியா?"

"கூச்சமா இருந்துச்சி. ஒரே ஒரு கம்பெனிக்காரருதான் கேட்டு வாங்கினாரு. மஞ்சளப் பாத்துட்டு, என் பேப்பர மட்டும் தனியா வெச்சாரு."

"நல்லதுக்கா, இல்ல வேணாம்னு ஒதுக்கினாரா?"

"தெரியல. திங்கக்கெழமைக்குள்ள போன் வந்தா வேலை."

அவள் தூங்கிய பிறகு, மீதி ஒன்பதில் ஒன்றை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். மஞ்சள் போகவில்லை. அவள் பெயர்தான் கலைந்தது.