ராஜபாளையத்தில் எலிப்டிகல் பார்த்தது

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் எலினாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரன் பெனினும் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். வாரம் இரண்டு தடவை போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். முகத்தைப் பார்த்தால் எனக்குச் சில விஷயங்கள் வாயில் வருவதில்லை அம்மா, அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை, கோவிலில் இருந்தேன் என்று பிறகு சொன்னேன். அது பொய். மம்சாபுரம் ரோட்டில் காலை நடை போனவன் வலது முட்டி மடங்கி விழுந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை, ரோட்டோரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கிருஷ்ணன்கோவிலுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் காலேஜ் பஸ் டிரைவர் ராக்கப்பன் பார்த்து வண்டியை நிறுத்தி, என்னைத் தூக்கி உட்காரவைத்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. முட்டி தேய்ந்திருக்கிறது, ரோட்டு நடை வேண்டாம், டிரெட்மில்லும் அதிரும், சுகர் இருப்பதால் சும்மாவும் உட்காரக் கூடாது, மிதிபலகையை விட்டுக் காலை எடுக்காமல் நின்றபடியே மிதிக்கிற எலிப்டிகல் மெஷின் வாங்குங்கள் என்று டாக்டர் சொன்னார். உன்னிடம் முட்டி வலி என்று மட்டும் சொன்னேன், நீயும் உடனே நாலைந்து படம் அனுப்பினாய்.

படத்தைப் பார்த்து மெஷின் வாங்க எனக்கு மனசு வரவில்லை. முப்பத்தாறு வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவன், கையால் தொட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குவது? போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். கடையில் ஆனந்தவல்லி என்று ஒரு பெண், பொறுமையாக மூன்று மெஷினில் ஏற்றிக் காட்டினாள். முதலாவதில் காலை நீட்டி மிதிக்க இடமே இல்லை, என் உயரத்துக்குக் காலைக் கட்டிப்போட்டு நடப்பதுபோல இருந்தது. இரண்டாவது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இடது பக்கம் மிதிக்கும்போது டக் டக் என்றது. நான் குனிந்து கையை வைத்துப் பார்த்து, பேரிங் போயிருக்கிறது என்றேன், அந்தப் பெண் அசந்துபோனாள். மூன்றாவதில் சக்கரம் நல்ல கனம், முட்டியில் ஒரு உதறல் இல்லை, இதுதான் என்று தெரிந்துவிட்டது. அப்போது அவள் கேட்டாள், "ஐயா, மொத ஒரு வாரம் பக்கத்துல ஆளு நிக்கணும், ஏறி எறங்கையிலதான் தடுமாறும். வீட்டுல யாரு இருக்காக?" நான் யோசிக்கவே இல்லை அம்மா, "வீட்டம்மா இருக்கா" என்று சொல்லிவிட்டேன். "அப்ப அவுகளையும் கூட்டிட்டு வாங்கய்யா, அவுகளுக்கும் தோதா பாத்து எடுத்துரலாம்" என்றாள். சரி, கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இரண்டு பஸ்ஸை விட்டேன். உங்கம்மா போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. பியூலா என்ற பெயரைக் கல்லறையில் எழுதியதை நானே நின்று பார்த்தேன், வாய்க்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறோம் என்று தோன்றியதும் எழுந்து கடைக்கே திரும்பப் போய் உள்ளதைச் சொன்னேன். ஆனந்தவல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தாள். பிறகு, "அப்ப பக்கத்து வீட்டுல யாரையாச்சும் கூப்புடுங்கய்யா, ஒத்தையில மட்டும் ஏறாதீக" என்றாள். அப்போதுதான் யோசித்தேன், யாரைக் கூப்பிடுவது? தெருவில் எல்லோரையும் உங்கம்மாவுக்குத்தான் தெரியும். ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்கியே என் காலம் போயிற்று.

செவ்வாய்க்கிழமை மெஷின் வந்தது. ஹாலில் நானே ஸ்பேனர் எடுத்து மாட்டி முடித்தேன். ஒரு நாள் முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன், ஏறவில்லை. மறுநாள் சட்டையை மாற்றிக்கொண்டு எதிர்வீட்டுப் பாலகணேஷிடம் போனேன். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், இத்தனை வருஷத்தில் தலையாட்டியதோடு சரி. ஒரு வாரம் காலையில் வந்து செத்த நேரம் பக்கத்தில் நிற்க முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போது எனக்குக் கூச்சத்தில் வியர்த்துவிட்டது. அவர் என்னையே பார்த்துவிட்டு, "இதக் கேக்கவா அண்ணாச்சி இம்புட்டுத் தயங்குனீக? நானும் வீட்டுக்குள்ள சும்மாதான் கெடக்கேன்" என்றார்.

அன்றிலிருந்து ஆறரைக்கு வந்துவிடுகிறார். நான் மிதிக்கிறேன், அவர் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பழைய ரூட்டுக் கதை சொல்கிறார், முடிந்ததும் இரண்டு பேரும் காபி குடிக்கிறோம். அவர் போன பிறகு வீடு பழையபடி ஆகிவிடும், அது இருக்கட்டும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து வந்ததும் தூங்கு. பெனினுக்கு ஜெபம் சொல்லிக்கொடு, தமிழில் சொல்லிக்கொடு. உங்கள் மூன்று பேர் மேலும் ஆண்டவருடைய கை எப்போதும் இருக்கட்டும். ஒன்று மறக்காதே. எனக்கு மூன்றாம் நாளே மெஷின் பழகிவிட்டது, கையை விட்டுக்கூட மிதிக்க முடிகிறது. பாலகணேஷ் பக்கத்தில் இருக்கும்போது நீ போன் பண்ணினால், நன்றாகப் பழகிவிட்டதா அப்பா என்று மட்டும் கேட்டுவிடாதே.

உன்மேல் உயிராக இருக்கும் அப்பா,
சூசை