சிவப்புப் பூவுக்கு எந்தப் புத்தகம்?

மச்சான், இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னவன். உன் மகள் கணக்கில் தவறுவாள், துணிக்கடையில் வேலை செய்துகொண்டே மறுபடி சோதனை எழுத நிற்பாள், கடைசியில் இந்தத் தாய்மாமனிடம்தான் யோசனை கேட்பாள் என்று. யாரிடம் சொன்னேன் என்பதுதான் ஞாபகத்தில் இல்லை.

இன்று வெற்றிலை தேடிச் சட்டைப் பைக்குள் கைவிட்டேன். காய்ந்த செவ்வரளிப் பூ ஒன்று வந்தது. உடனே உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது.

மாத்தளை டவுன் புத்தகக் கடையில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? என் கையில் பழைய வினாத்தாள்களை விடையோடு போட்ட புத்தகம். நீயோ, பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கொடுத்த கணக்குப் பாடநூலைப் பையிலிருந்து உருவினாய்.

"ஒன் புத்தகத்துல விடை இருக்குடா. அது எப்படி வந்துச்சுன்னு எங்க இருக்கு?"

"சோதனையில வர்றதுதானே வேணும்? எங்க மசாலாத் தோட்டத்தச் சுத்திப் பாக்க வர்ற வெள்ளைக்காரனுக்கு நான் கறுவாப்பட்டை மரத்தோட முழுக் கதையுமா சொல்றேன்? கேக்குறதுக்குப் பதில் சொல்றேன்."

"நீயா? கேக்காததத்தானே சொல்லுவ!"

கடைத்தெருவே கூடிவிட்டது. கண்டி பஸ் ஒன்று நமக்காகவே நின்றது. கடைசியில் என் வாய் வென்றது. என் புத்தகத்தைத்தான் வாங்கினோம். அவள் தவறிவிட்டாள். அது புத்தகத்தின் குற்றமா, உன் கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவள் உட்கார்ந்திருந்ததாலா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

போன மாதம் எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் உன் வீட்டுக்குப் போனபோது இரண்டு புத்தகத்தையும் என் முன்னால் வைத்தாள்.

"மாமா, வேலை முடிஞ்சு வந்தா ஒரு மணித்தியாலம்தான் கெடைக்குது. ரெண்டையும் படிக்க ஏலாது. இந்தத் தடவையும் போச்சுன்னா உயர்தர வகுப்பு படிக்கிற ஆசைய விட்டுட்டு கடையிலயே கெடக்க வேண்டியதுதான். எதப் படிக்கட்டும்?"

மிளகுக் கொடியைப் பற்றி ஜெர்மன் டாக்டருக்கே பாடம் நடத்தியவன் நான். அன்று இரண்டு புத்தகத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் இதைக் கேட்டால்?

"பூக்கட்டிப் பாப்போம்" என்றேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு.

"சிவப்புன்னா எது மாமா?"

"ஒங்கப்பா சொன்ன புத்தகம்."

"நெசமாவா?"

"சாமி முன்னுக்கு நின்னு பொய் சொல்லுவனா புள்ள?"

அழுதாளா, சிரித்தாளா, சரியாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து பாடநூலை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறாள். நேற்றுப் போனில் பேசினாள்: "விடை எப்படி வருதுன்னு இப்பதான் வெளங்குது மாமா. ஆனா பாதிப் புத்தகம்கூட முடியல. சோதனை கிட்ட வந்துருச்சு."

"எல்லாம் சரியா வரும், மாமன் சொல்றேன்" என்றேன். எப்படி வரும் என்று அவள் கேட்கவில்லை. இன்று கைக்கு வந்த அந்தச் சிவப்புப் பூவைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

மச்சான், உனக்கு மட்டும் சொல்கிறேன். சிவப்பை நான் என் புத்தகத்துக்கு நினைத்துத்தான் கட்டினேன்.